ஒரு துளிக்குள் ஆறு நாள்

காலை நிகழ்ச்சியில் எட்டு மணிச் செய்தி முடிந்ததும் பத்து நிமிடம் நேயர்களின் அழைப்புக்கு ஒதுக்குவோம். அன்று செய்தியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்ட அமெரிக்கர் ஒருவருக்கு அது 271 நாள் வேலை செய்தது, பிறகு அகற்ற வேண்டியதாயிற்று என்ற செய்தி. அதையே அன்றைய பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

நான் எதிர்பார்த்தபடிதான் அழைப்புகள் வந்தன. "அந்த மனுசன் இனிமே குறட்டை எப்படி விடுவாரு?" என்று ஒருவர். "மனைவி திட்டுனா கோபமே வராதாம்" என்று இன்னொருவர். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த விசையை அழுத்தினேன்.

"தங்கச்சி, வணக்கம். கிள்ளான்லேர்ந்து பேசுறேன். முன்ன லோரி ஓட்டிக்கிட்டு இருந்தவன். இப்ப வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ். இந்தா, இப்பகூட மெஷின்லதான் படுத்திருக்கேன்."

என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒன்னு தெரியணும் தங்கச்சி. அந்தப் பன்றி எங்கேர்ந்து வந்துச்சு? சும்மா பண்ணையில பொறந்ததா?"

"இல்லண்ணே, ஆய்வுக்கூடத்துல உருவாக்குறாங்க" என்றேன், கையிலிருந்த தாளைப் பார்த்து.

"உருவாக்குறாங்கன்னா? வாயும் வயிறும் உள்ள உயிரு, பொம்மை மாதிரியா செய்வாங்க? மொத மொதல்ல அது எதைத் தின்னு வளருது?"

பாட்டுக்கு நேரமாகிவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேண்ணே" என்று முடித்தேன். அவருக்கு அது ஒரு சாக்காகப் பட்டிருக்கலாம். நான் படித்தது ஊடகத்துறை. உயிரியல் எஸ்.பி.எம். தேர்வோடு என்னை விட்டுப் போய்விட்டது. ஆனால் "எதைத் தின்னு வளருது" என்ற கேள்வி மட்டும் விடவில்லை. வாரம் முழுக்கப் படித்தேன், ஆள் பிடித்துக் கேட்டேன். விஞ்ஞானிகளே பல பத்தாண்டுகளாக அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

69 மாற்றங்கள்

முதலில் அந்தப் பன்றியைப் பற்றி. சாதாரணப் பன்றியின் சிறுநீரகத்தை எடுத்து மனிதருக்கு வைத்தால் சில நிமிடங்களிலேயே, அதிகம் போனால் சில மணி நேரத்தில், உடம்பு அதைத் தாக்கி அழித்துவிடும். பன்றிச் செல்களின் மேல் உள்ள சில சர்க்கரை மூலக்கூறுகளை நம் ரத்தம் எதிரியாகப் பார்ப்பதுதான் காரணம்.

2024 மார்ச் 16ஆம் தேதி பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் ஸ்லேமன் என்ற 62 வயது நோயாளிக்கு ஒரு பன்றியின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. மரபணு மாற்றிய பன்றியின் சிறுநீரகத்தை உயிருள்ள நோயாளி ஒருவர் பெற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. அந்தப் பன்றியின் மரபணுக்களில் 69 மாற்றங்கள் செய்திருந்தார்கள். பகையை உண்டாக்கும் சர்க்கரைகளுக்கான 3 மரபணுக்கள் முடக்கப்பட்டன. மனித மரபணுக்கள் 7 சேர்க்கப்பட்டன. பன்றியின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் வைரஸ் துண்டுகள் 59 இடங்களில் செயலிழக்க வைக்கப்பட்டன.

இவ்வளவு மாற்றங்களையும் வளர்ந்த பன்றியின் உடம்பில் செய்ய முடியாது. தட்டில் வளரும் பன்றிச் செல்லில் செய்கிறார்கள். பிறகு வேறொரு பன்றியின் சினைமுட்டையிலிருந்து அதன் கருவை, அதாவது நியூக்ளியஸை, உறிஞ்சி எடுத்துவிட்டு, மாற்றிய செல்லை அதோடு இணைக்கிறார்கள். டோலி ஆட்டுக்குட்டி பிறந்த அதே வழி. அந்த முட்டை ஒரு கருவாகப் பிரியத் தொடங்கும். பிறகு அதை வளர்ப்புத் தாய்ப் பன்றியின் வயிற்றில் வைப்பார்கள். பன்றிக்கு 114 நாள் சினை. மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று பண்ணைக்காரர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

முட்டை கருவாவதற்கும் தாயின் வயிற்றுக்குப் போவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சில கூடங்களில் ஒன்றிரண்டு நாள். சில கூடங்களில் ஐந்தாறு நாள். அந்த நாள்களில் கரு இருப்பது ஒரு துளி திரவத்துக்குள். அந்தத் துளியில் என்ன இருக்க வேண்டும்? கிள்ளான் அண்ணன் கேட்டதும் அதைத்தான்.

அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு

இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய சினைமுட்டைகளில் பெரும்பாலானவை இறைச்சிக் கூடங்களிலிருந்து வருகின்றன. வெட்டப்பட்ட பன்றிகளின் சினைப்பையை வெதுவெதுப்பான உப்புநீரில் போட்டுக் கொண்டு வருவார்கள். ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுத்து, ஏறக்குறைய 44 மணி நேரம் முதிர வைப்பார்கள். ஒரு முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான், இந்த வரியின் முடிவில் இருக்கும் புள்ளியைவிடச் சிறியது.

நுண்ணோக்கியில் பார்த்தால் பன்றி முட்டை கருமையாகத் தெரியும். உள்ளே அவ்வளவு கொழுப்பு. எலியின் முட்டை கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பன்றியினுடையது அப்படியில்லை.

அந்தக் கொழுப்பையும் இன்னும் சில பொருள்களையும் தாய் முன்கூட்டியே முட்டைக்குள் வைத்து அனுப்புகிறது. நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு போல. முதல் இரண்டு பிரிவுக்கு, அதாவது ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும் வரைக்கும், கரு அதைத்தான் நம்பியிருக்கிறது. எப்படிப் பிரிய வேண்டும் என்ற குறிப்பும் தாய் எழுதி வைத்ததுதான்.

நான்கு செல்கள் ஆனதும் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். இனி கரு தன் சொந்த மரபணுவை இயக்கித் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். எலிக் கருவுக்கு இந்தக் கட்டம் இரண்டு செல்லில் வருகிறது. மனிதக் கருவுக்கு நான்கிலிருந்து எட்டு செல்லில், மாட்டுக் கருவுக்கு எட்டிலிருந்து பதினாறில்.

தாயின் வயிற்றில் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும். ஆய்வுக்கூடத் தட்டில் அப்படி நடக்கவில்லை. ஆரம்ப காலத்தில் பன்றிக் கருக்கள் நான்கு செல் வரை வந்து அப்படியே நின்றுவிட்டன. அதற்கு 'நான்கு செல் தடை' என்றே பெயர் வைத்தார்கள். எலிக் கருக்களைத் தட்டில் வளர்த்து, வளர்ப்புத் தாய்க்கு மாற்றிக் குட்டிகள் பிறந்தது 1958இல். லண்டனில் ஆன் மெக்லாரனும் ஜான் பிகர்ஸும் அதைச் சாதித்தார்கள். மனிதரில் 1978 ஜூலை 25ஆம் தேதி லூயிஸ் பிரவுன் பிறந்தார். பன்றி மட்டும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிடிகொடுக்கவில்லை.

எனர்ஜி டிரிங்க் டின்னில் இருக்கும் பொருள்

கதவு திறந்தது 1990களில். அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெட்டர்ஸ், வெல்ஸ் என்ற இருவர் 1993இல் ஒரு கரைசலின் செய்முறையை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரையே சுருக்கி அதற்கு 'என்.சி.எஸ்.யு.-23' என்று பெயர் வைத்தார்கள். உப்புகள், குளுக்கோஸ், குளுட்டமின் என்ற அமினோ அமிலம், இவற்றோடு டாரின், ஹைப்போடாரின் என்ற இரண்டு பொருள்கள்.

டாரின் என்ற பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரவுப் பணியின்போது எங்கள் நிலையத்துக் குளிர்பெட்டியில் இருக்கும் எனர்ஜி டிரிங்க் டின்னின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் அதே டாரின். விலங்குகளின் இனப்பெருக்கப் பாதையில் இருக்கும் நீரில் இந்த இரண்டும் இயற்கையாகவே உண்டு. கருவுக்கு அவை தெம்பு கொடுப்பதற்காக இல்லை. செல்லுக்குள் நீரின் அளவைச் சமன் செய்யவும், ஆக்சிஜனால் வரும் சேதத்தைக் குறைக்கவும் உதவுகின்றன என்று கருதுகிறார்கள்.

இந்தக் கரைசலில் பன்றிக் கருக்கள் நான்கு செல் தடையைத் தாண்டி வளர்ந்தன. ஐந்தாறு நாளில் 'பிளாஸ்டோசிஸ்ட்' என்ற கட்டத்தை எட்டின. நடுவில் நீர் நிரம்பிய ஒரு சின்னப் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் செல் கூட்டம்தான் பின்னாளில் குட்டியாகும். சுற்றியுள்ள சுவர் நஞ்சுக்கொடிக்குப் போகும்.

அடுத்த அடியை ஜப்பானில் எடுத்து வைத்தார்கள். யோஷியோக்கா என்பவரின் குழு, பன்றியின் கருக்குழாயில் இருக்கும் நீரில் எது எவ்வளவு இருக்கிறது என்ற விவரத்தை அடிப்படையாக வைத்துப் புதிய கரைசல்களைத் தயாரித்தது. 2002இல் அதன் முடிவு வெளிவந்தது. எது எவ்வளவு என்று ஒவ்வொரு பொருளும் தெரிந்த கரைசலில் வளர்ந்த கருக்களிலிருந்து உயிருள்ள குட்டிகள் பிறந்தன. பன்றிக் கரு ஆராய்ச்சியில் உலகெங்கும் அதிகம் பயன்படும் கரைசல்களில் இந்தக் குடும்பமும் ஒன்று.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அதில் சர்க்கரையே இல்லை.

இனிப்பு எப்போது விருந்து?

குளுக்கோஸ் இல்லாமல் உயிர் எப்படி வளரும் என்று எனக்குக் குழப்பம். முதல் நாள்களில் கரு பைருவேட், லாக்டேட் என்ற இரண்டு பொருள்களை எரித்து வாழ்கிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் போய் உடைந்த பிறகு கிடைக்கும் பொருள்கள்தான் இவை. அரிசியாகக் கொடுக்காமல் கஞ்சியாகக் கொடுப்பது போல. குளுக்கோஸை உடைத்துப் பயன்படுத்தும் திறமை கருவுக்குப் பிறகுதான் நன்றாக வருகிறது.

இந்த விஷயத்தில் பெரிய பாடம் சொல்லிக்கொடுத்தது வெள்ளெலி. 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஷீனி, பாவிஸ்டர் என்ற இருவர், வெள்ளெலிக் கருக்கள் இரண்டு செல்லில் நின்றுபோவதற்குக் காரணம் கரைசலில் சேர்த்திருந்த குளுக்கோஸும் பாஸ்பேட்டும்தான் என்று கண்டுபிடித்தார்கள். நல்லது என்று நினைத்து ஊற்றியதே தடையாக இருந்திருக்கிறது. இரண்டையும் நீக்கியதும் கருக்கள் மேலே வளர்ந்தன.

பன்றிக் கரு அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை, குளுக்கோஸையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் முதல் இரண்டு நாள் பைருவேட்டும் லாக்டேட்டும், அதற்குப் பிறகு குளுக்கோஸ் என்று படிப்படியாகக் கொடுத்தால் கருவின் தரம் கூடுகிறது என்று 2002இல் கிக்குச்சி தலைமையிலான இன்னொரு ஜப்பானியக் குழு காட்டியது. அந்தக் கருக்களிலிருந்தும் குட்டிகள் பிறந்தன.

ஆக்சிஜனிலும் இதே கதைதான். நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு ஆக்சிஜன். கருக்குழாய்க்குள் அதைவிட மிகக் குறைவு. அதனால் கருவை வைக்கும் பெட்டியில் 5 விழுக்காட்டுக்குக் குறைத்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்க வைட்டமின் சி, மெலடோனின் போன்றவற்றைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளும் நிறைய உண்டு. குறிப்பிட்ட அளவில் பலன் தெரிகிறது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடிக்கொண்டே போவதில்லை.

பசித்த கரு பேசியது

இத்தனை படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிராதர் என்பவரின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாகப் பன்றிக் கருக்களை ஆராய்ந்து வருகிறது. எந்தச் சத்தைச் சேர்ப்பது என்று தாங்களாக ஊகிப்பதற்குப் பதில், கருவையே கேட்டுப் பார்க்க அவர்கள் ஒரு வழி கண்டார்கள்.

தாயின் வயிற்றில் வளர்ந்த கருக்களையும் தட்டில் வளர்ந்த கருக்களையும் எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று ஒப்பிட்டார்கள். தட்டில் வளர்ந்த கருவில் ஒரு மரபணு பல மடங்கு அதிகமாக இயங்கிக்கொண்டிருந்தது. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் செல்லுக்குள் இழுத்து வரும் வாசலைக் கட்டும் மரபணு அது.

வீட்டில் அரிசி இல்லாவிட்டால் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்போம் அல்லவா? கரு அதைத்தான் செய்தது. கரைசலில் அர்ஜினின் போதவில்லை, அதனால் வாசலுக்கு மேல் வாசலாகத் திறந்து வைத்துக் காத்திருந்தது. ஆராய்ச்சியாளர்கள் அர்ஜினினின் அளவைக் கூட்டினார்கள். பிளாஸ்டோசிஸ்ட் நிலையை எட்டும் கருக்கள் அதிகமாயின. அந்தக் கரைசலுக்கு 'எம்.யு.1' என்று பெயர். பிறகு குளுட்டமினிலும் மாற்றம் செய்து 'எம்.யு.2' வந்தது.

அதே கூடத்தில் கிளைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு அருமையாகத் தெரிந்தது. கருவில் செல்களின் எண்ணிக்கை கூடியது, செத்துப்போகும் செல்கள் குறைந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் முதல் பரிசு கொடுக்கலாம். ஆனால் அந்தக் கருக்களைத் தாய்ப் பன்றிக்கு மாற்றியபோது ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. 2016இல் வெளியான அந்த ஆய்வின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். கரைசலில் கருக்கள் நன்றாகத் தெரிந்தன, குட்டிகள் வரவில்லை என்று ஒளிக்காமல் எழுதிய அந்த மனிதர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

அடுத்த ஆண்டே அதே பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல செய்தியும் வந்தது. சினைமுட்டை முதிரும் கட்டத்திலேயே மூன்று வளர்ச்சிப் புரதங்களைச் சேர்த்தார்கள். அவை உணவுப் பொருள்கள் இல்லை, ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் தகவல் போன்றவை. விளைவாக, எடுத்த முட்டைகளுக்குப் பிறந்த குட்டிகள் என்று கணக்குப் பார்த்தால் நான்கு மடங்கு உயர்வு.

அந்த நான்கு மடங்கு ஏன் பெரிய விஷயம்? பன்றியின் சினை தொடர வேண்டுமானால் ஆரம்பத்தில் கருப்பையில் குறைந்தது நான்கு கருக்களாவது உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சினை பிடித்ததைத் தாயின் உடம்பு உணராமல் அது கலைந்துவிடும். ஒரே ஒரு நல்ல கருவை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் மரபணு மாற்றிய பன்றிகளை உண்டாக்குபவர்களுக்கு ஒவ்வொரு கருவும் தங்கம்.

முதல் வாரத்துச் சாப்பாடு எவ்வளவு தூரம் போகும்?

'எப்படியோ பிளாஸ்டோசிஸ்ட் வந்துவிட்டால் போதும், மீதியைத் தாய் பார்த்துக்கொள்வாள்' என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ஆடும் மாடும் அந்த நினைப்பை மாற்றின. 1990களில், ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் சேர்த்த கரைசலில் வளர்த்த சில கருக்கள், பிறக்கும்போது அளவுக்கு மிஞ்சிய பெரிய குட்டிகளாக இருந்தன. பிரசவத்தில் சிக்கல், உள்ளுறுப்புகளில் கோளாறு. முதல் வாரத்தில் ஊட்டியது சில மரபணுக்களை மூடித் திறக்கும் அடையாளங்களையே மாற்றிவிட்டது. சீரத்தில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்றுதான் ஊற்றினார்கள்.

மனிதர்களிலும் இது பார்க்கப்பட்டிருக்கிறது. நெதர்லாந்தில் செயற்கைக் கருத்தரிப்புக்கு வந்த 836 தம்பதிகளை இரண்டு பிரிவாக்கி, இரண்டு வகைக் கரைசல்களில் கருவை வளர்த்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி, ஒரு பிரிவில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை இன்னொரு பிரிவைவிட ஏறக்குறைய 158 கிராம் குறைவு. இதைப் படிக்கும் பெற்றோர் யாரும் பயப்பட வேண்டாம். 1978 முதல் இன்றுவரை இந்த முறையில் 10 மில்லியனுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்து பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கரைசலில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

மறுபடியும் கிள்ளானிலிருந்து

அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம். அண்ணன் மறக்கவில்லை. "என்ன தங்கச்சி, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

முடிந்தவரை சொன்னேன். கட்டுச்சோறு, சர்க்கரை இல்லாத துளி, வாசலில் நின்ற கரு. அவர் நடுவில் பேசவே இல்லை. மெஷினின் 'பீப்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப நம்ம வீட்டுல நடக்குறதும் அதான்" என்றார். "என் தம்பி வரும்போதெல்லாம் ஒரு டின்னு சத்து மாவு. மச்சான் ஒரு பாட்டிலு வைட்டமின். ரேடியோல கேட்டுட்டு வாங்கினேன்றாங்க. நர்ஸு பார்த்துட்டு, எதுவும் தொடாதீங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்குக் குத்தியது. அந்த விளம்பரங்கள் என் நிகழ்ச்சியின் நடுவேதான் வருகின்றன. சிலவற்றுக்குக் குரல் கொடுத்ததும் நான்தான். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடம்பு பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் சரியாக வெளியேற்றாது. நல்லது என்று நாம் வாங்கிக் கொடுக்கும் டின்னில் அவை இருந்தால் இதயத்தையே பாதிக்கலாம். வெள்ளெலிக் கருவை நிறுத்திய அதே பாஸ்பேட். சிறுநீரக நோயாளிக்கு என்ன வாங்கிப் போவது என்று குழப்பமாக இருந்தால், முதலில் அவருடைய மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். வெறுங்கையோடு போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தாலும் அவருக்கு அது நல்லதுதான்.

பிறகு ஒலிபரப்பை நிறுத்திவிட்டு, பாட்டு ஓடும்போது அவரோடு தனியாகப் பேசினேன். "பன்றியோடதுன்னா உங்களுக்குச் சங்கடமா இல்லியாண்ணே?"

"மொதல்ல இருந்துச்சு. ஆனா மெஷின்ல ரத்தம் ஒறையாம இருக்க ஒரு மருந்து போடுறாங்கல்ல, அது எதுலேர்ந்து வருதுன்னு ஒருநாளு கேட்டேன்."

அவர் சொன்னது உண்மைதான். ஹெப்பாரின் என்ற அந்த மருந்து உலகில் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் தயாராகிறது. இதை ஏற்பதா வேண்டாமா என்பது ஒவ்வொருவரின் நம்பிக்கையையும் மனத்தையும் பொறுத்தது. விலங்கின் உயிர் பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஓர் உறுப்புக்காகவே ஓர் உயிரைப் பிறப்பிக்கலாமா என்று கேட்பவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, நம் நாட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் 50,000க்கும் மேற்பட்டவர்களையும் நினைத்துக்கொண்டு கேட்போம். அவர்களில் பலரை அங்கே கொண்டுபோய் விட்டது நீரிழிவு. அது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஆரம்பிக்கிறது.

கடைசியில் அவர் கேட்டார், "எப்பத்தான் நம்ம ஊருக்கு வரும் தங்கச்சி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. ஸ்லேமன் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார். அதற்கு அந்தச் சிறுநீரகம்தான் காரணம் என்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று மருத்துவமனை சொன்னது. 271 நாள் வேலை செய்ததும் கடைசியில் நின்றது. முறையான மனிதச் சோதனைக்கு அமெரிக்க அரசு 2025 தொடக்கத்தில்தான் அனுமதி கொடுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்கே வராதுண்ணே. ஆனா வேலை நடந்துகிட்டு இருக்கு" என்றேன்.

"நடக்கட்டும், அவசரப்பட வேணாம்னு சொல்லுங்க" என்றார். "நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சுது, குட்டி மட்டும் வரலன்னு எழுதினாங்களே, அவங்க செஞ்சா நம்பிப் படுக்கலாம்."

அன்று மாலை தயாரிப்பாளரிடம் போய், சத்து மாத்திரை விளம்பரத்துக்கு இனி என் குரல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் காரணம் கேட்டார். ஒரு பன்றிக் கருவிலிருந்து ஆரம்பித்தேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.